மூன்றாவது அடி

ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் ஒரு சின்ன மாதா கோயில். அதன் மணிக்கயிற்றை முப்பத்தொரு வருஷமாகப் பிடித்து இழுக்கிற ஆள் லூர்துநாதன். வயது ஐம்பத்து நாலு. படிப்பு அஞ்சாம் வகுப்பு. பகலில் தட்டாஞ்சாவடி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன். காலை ஆறு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் கோயில் மணி அவன் பொறுப்பு. மத்தியான மணியை மட்டும் பெண்டாட்டி ஃபாத்திமா அடிப்பாள். இவனைவிட நேரம் தவறாமல் அடிப்பாள் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு.

சாவு மணி வேறு. அதை லூர்து மட்டும்தான் அடிப்பான். ஆண் செத்தால் மும்மூன்று அடியாக மூன்று தடவை. பெண் செத்தால் இரண்டிரண்டு அடியாக மூன்று தடவை. குழந்தைக்குச் சின்ன மணி. வேதக்காரர் வீடு, இந்து வீடு என்ற வித்தியாசம் கிடையாது. பெரிய மணி விழுந்ததும் அரிவாள்மனையில் கை நிற்கும், குழாயடியில் பேச்சு நிற்கும், பொம்பளைகள் உதட்டுக்குள் எண்ணுவார்கள். எண்ணி முடித்ததும் யாராவது ஒருத்தி கயிற்றடிக்கு வந்து "யாருப்பா?" என்பாள். லூர்து சொல்கிற பதில் பத்து நிமிஷத்தில் தெருமுனை தாண்டிவிடும். பெண் சாவென்றால் பொம்பளைகள் பூவோடு கிளம்பி வந்துவிடுவார்கள்.

இதில் பெண் மணிதான் கஷ்டம். கனத்த மணி. இரண்டு அடி விழுந்ததும் தானாக மூன்றாவது அடிக்குச் சாயும். கயிற்றில் உடம்பு மொத்தத்தையும் போட்டுத் தொங்கினால்தான் நிற்கும். லூர்துவின் இடது உள்ளங்கையில் அதற்கென்றே ஒரு காய்ப்பு இருக்கிறது.

இவ்வளவு காலத்தில் அவன் ஒரே ஒரு சாவு மணியைத் தப்பாக அடித்தான். கை தவறவில்லை. தெரிந்தே அடித்தான்.

கோயிலுக்கு எதிரே டீக்கடை. சாயங்கால மணியை முடித்துவிட்டு லூர்து அங்கேதான் உட்காருவான். பக்கத்தில், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற சொல்தா கலியபெருமாள். அந்தக் கடைக்கு டீ வாங்க வருகிறவர்களில் மெரினும் ஒருத்தி. மெரின் திருநங்கை. அதே தெருவில் பிறந்தவள். வீட்டார் துரத்திவிட்டார்கள். எங்கெங்கோ அலைந்துவிட்டுத் திரும்பி வந்து, தெருக்கோடியில் பூர்ணிமா என்ற இன்னொரு திருநங்கையோடு ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தாள். காலையில் கோயில் மதிலோரம் பூக்கார செல்வாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்து பூக் கட்டுவாள். இருபத்தாறு வயது. வாய்த்துடுக்கு.

ஒருநாள் லூர்து யாருக்கோ சாவு மணி அடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான். மெரின் டீத்தூக்கோடு நின்றாள்.

"ஏண்ணே, நான் செத்தா எந்த மணி அடிப்பீங்க?"

கடையில் ஏழெட்டுப் பேர். எல்லார் முகமும் இவன் பக்கம் திரும்பியது. நாக்கு சும்மா இருந்திருக்கலாம்.

"உனக்கு என்னாம்மா, மூணும் வேணாம் ரெண்டும் வேணாம். ஒம்போது அடிச்சுடறேன் போ."

கடையே அதிர்ந்தது. ஒம்போது என்ற சொல்லை யார் முகத்துக்கு நேரே, எதற்காக வீசுவார்கள் என்பது நம் ஊரில் தெரியாதவர் இல்லை. கலியபெருமாளுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. மெரினும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தூக்கின் மூடியை அழுத்தி மூடினாள்.

"ரெண்டு ரெண்டா மூணு வாட்டி. மொத்தம் ஆறு. அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் போனீங்கல்ல, எண்ண வரும்ல? மறந்துடாதீங்கண்ணே."

போன வருஷம் ஆகஸ்ட் கடைசியில் அவளை விழுப்புரம் ரோட்டில் அடித்துக் கொன்றார்கள். காரில் வந்த மூன்று பேர் கூப்பிட்டார்கள், வரமாட்டேன் என்றாள், அவ்வளவுதான். கேஸ் இன்னும் நடக்கிறது. போஸ்ட்மார்ட்டம் முடிந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு உடம்பு வந்தது. துரத்திய வீட்டார்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள். ஒரு மணி நேரத்தில் கல்லறைக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். பங்குச் சாமியார் மரிய அருண் வயதில் சின்னவர். "லூர்து அண்ணே, மணி அடிச்சுடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அங்கி மாட்டப் போனார். எந்த மணி என்று அவர் சொல்லவில்லை. எப்போதுமே சொன்னதில்லை.

லூர்து கயிற்றைப் பிடித்தான். எதிரே டீக்கடையில் கூட்டம். பிணவண்டி அங்கேதான் நின்றது. அத்தனை பேரும் இவன் கையையே பார்த்தார்கள். இரண்டு அடித்தால் சிரிப்பார்கள். லூர்து மணியடிச்சே பொண்ணாக்கிட்டான்டா என்பார்கள். நாளைக்கு டீ குடிக்க அங்கேதான் போக வேண்டும்.

மூன்று அடித்தான். பிறகு மூன்று. பிறகு மூன்று. எத்தனையோ ஆம்பளைகளுக்கு அடித்த அதே அடிதான். அதைக் கூட்டினால் என்ன வரும் என்று அந்த நிமிஷம் வரைக்கும் அவன் கூட்டிப் பார்த்ததில்லை. கடைசி அடியின் ரீங்காரம் அடங்குவதற்குள் எதிரேயிருந்து கலியபெருமாளின் குரல் வந்தது.

"யோவ் லூர்து! சொன்ன மாதிரியே அடிச்சிட்டியேய்யா!"

சிரிப்புக்குப் பயந்துதான் மூன்று அடித்தான். அந்தச் சிரிப்பு வந்தேவிட்டது.

பூர்ணிமா தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். "அண்ணே, ஏண்ணே இப்படி அடிச்சீங்க? அவ பொம்பளண்ணே. உங்களுக்குத் தெரியாதாண்ணே?"

"சாமியார் உத்தரவும்மா. நான் என்னா பண்ண முடியும்?"

எப்படித்தான் வந்ததோ அந்தப் பொய். வாயில் தயாராக வைத்திருந்தது மாதிரி வந்தது. பூர்ணிமா சாமியார் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"மணியில கூட ஒம்போதுன்னு சொல்லணுமா அவருக்கு?"

அதற்குள் பின்தெருப் பெண்ணொருத்தி வந்து "யாருப்பா?" என்றாள். லூர்து ஞானஸ்நானப் பெயரைச் சொன்னான். மெரின் வேண்டாம் என்று விட்டுவிட்ட பெயர், இங்கே எழுத வேண்டியதில்லை. வந்தவள் யாரோ எவரோ என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனாள். தெருவுக்கு அந்தப் பதில்தான் போனது. கல்லறைக்குப் போனவர்கள் பதினோரு பேர்.

மறுநாள் காலையில் செல்வாம்பாள் பூக்கூடையை மதிலோரம் இறக்கி வைத்துவிட்டு நேராக இவனிடம் வந்தாள்.

"ஆம்பள மணின்னு நெனச்சு வீட்ல கனகாம்பரம் கட்டிக்கினு உக்காந்திருந்தேண்டா. ரெண்டு வருஷம் எம்பக்கத்துல உக்காந்தவளுக்கு ஒரு மொழம் பூ வெக்க விடலியேடா."

"சாமியார் சொன்னாரு, ஆத்தா."

"யாரு சொன்னா என்னா? கை உன்னுதுதானே."

அதோடு அவள் அவனிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். லூர்து டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டான். சோறு தின்னும்போது விரலால் தட்டில் தட்டுகிற பழக்கம் ஒன்று வந்தது. இரண்டு தட்டு, கொஞ்சம் சும்மா, மறுபடி இரண்டு தட்டு. "என்னாய்யா இது, கோழி கொத்தற மாதிரி?" என்று ஃபாத்திமா கேட்டாள். லூர்து கையை மடியில் வைத்துக்கொண்டான்.

இந்த வருஷம் நவம்பர் பிறந்ததும் பூர்ணிமா கம்பெனி கேட்டில் வந்து நின்றாள். அவள் அதே கம்பெனியில் அட்டை மடிக்கிறாள்.

"அண்ணே, இருபதாந்தேதி எங்காளுங்களை நெனக்கிற நாளு. அடிபட்டு, வெட்டுப்பட்டுச் செத்தவங்க பேரைப் படிச்சு மெழுகுவத்தி ஏத்துவாங்க. எங்கெங்கியோ பண்றாங்க. இந்த வாட்டி நம்ம தெருவுல பண்லாம்னு இருக்கேன். அவ நடந்த தெருவுல. கூட நிப்பீங்களாண்ணே?"

"நிக்கிறேம்மா" என்றான். வேறு என்ன சொல்வான்?

நின்றான். முதுகு முறிகிற மாதிரி வேலை பார்த்தான். காற்றில் மெழுகுவர்த்தி அணையாமலிருக்க, காலித் தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிக் கழுத்தை அறுத்து அறுபது கூண்டு செய்தான். நாற்காலிக்கு ஒருத்தனிடம் போய்க் கெஞ்சினான். மைக் செட்டுக்காரனிடம் சண்டை போட்டான். பூர்ணிமா நோட்டில் பெயர்களை எழுதிக்கொண்டு வந்து காட்டுவாள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மெழுகுவர்த்தி ஏற்றப் போகிற ஆளின் பெயர். இருபத்துமூன்று பெயர்கள். கடைசியாக மெரின். அதற்கு எதிரே 'லூர்து அண்ணன்' என்று எழுதியிருந்தாள்.

"நான் எதுக்கும்மா? நீ ஏத்து."

"எங்களுக்குன்னு அலையுற ஒரே ஆம்பள நீங்கதாண்ணே. அவ இருந்தா அவளும் உங்களத்தான் சொல்லுவா."

அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

இடம் மட்டும் அமையவில்லை. கோயிலுக்குப் பின்னால் மைதானம் சும்மாதான் கிடக்கிறது. கேட்டால் ஃபாதர் கொடுத்துவிடுவார் என்று லூர்துவுக்குத் தெரியும். ஒருதரம் மெல்லச் சொல்லிப் பார்த்தான்.

"அந்தாளு மொகத்துல முழிக்க மாட்டேண்ணே" என்றாள் பூர்ணிமா. "ஒம்போது அடிக்கச் சொன்ன வாய்கிட்டப் போய் எடம் கேக்கறதா?"

ஃபாதர் ஸ்கூட்டரில் எதிரே வந்தால் அவள் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவாள். ஒரு வருஷமாக அப்படித்தான். லூர்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

ரோட்டோரத்தில் வைக்க அனுமதி கேட்டு இரண்டு பேருமாக ஸ்டேஷனுக்குப் போனார்கள். எழுத்து வேலை பார்க்கிற போலீஸ்காரர் மனுவைப் படித்தார். அதில் மெரின் பெயரில் விரலை வைத்து, லூர்துவை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவங்களுக்கு நீங்க என்னா வேணும்?"

பூர்ணிமாதான் முந்திக்கொண்டாள். "எங்க அண்ணன் சார்."

போலீஸ்காரர் மரியாதையாகவே பேசினார். விழுப்புரம் ரோட்டுப் போக்குவரத்தில் ஓரத்தில் கூட்டம் சேர்க்க முடியாது, சொந்த இடம் ஏதாவது பார்த்துக்கொண்டால் தமக்கு ஆட்சேபணை இல்லை என்றார். அன்று பதினேழாம் தேதி.

திரும்பி வரும்போது கோயில் மதிலோரம் பூர்ணிமா நின்றுவிட்டாள். சாயங்கால மணி அடித்து முடித்து லூர்து வெளியே வரும்வரை அங்கேயே நின்றாள். செல்வாம்பாள் கூடைப் பக்கத்தில் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க ரூம்லயே வெச்சுக்கறோம்ணே" என்றாள் பூர்ணிமா. "எட்டுப் பேரு நிக்கலாம். செத்தப்பவும் பதினோரு பேருதானே வந்தாங்க. அவ தலையெழுத்து, கூட்டம் சேராது."

மூன்று நாள் கழித்து எட்டுப் பேர் ஓர் அறைக்குள் மெழுகுவர்த்தி ஏற்றிக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அதில் கடைசி மெழுகுவர்த்தியை இவன் ஏற்றுவான். லூர்து மதிலைப் பிடித்துக்கொண்டான்.

"சாமியார் சொல்லலம்மா."

"என்னா சொல்லல?"

"மூணு அடிக்கச் சொல்லல. அவரு ஒண்ணுமே சொல்லல. நானாத்தான் அடிச்சேன். டீக்கடையில சிரிப்பானுங்கன்னு அடிச்சேன். நீ வந்து கேட்டப்ப அவரு தலையில போட்டுட்டேன்."

சொல்ல ஆரம்பித்தவன் மிச்சத்தையும் சொல்லிவிட்டான். "அதுக்கு முந்தி ஒருநாள் ஒம்போது அடிப்பேன்னு கடையில வெச்சுக் கிண்டல் பண்ணதும் நான்தான். ரெண்டு ரெண்டா அடிங்கன்னு அவ சொல்லிட்டுத்தான் போனா."

செல்வாம்பாளின் கையில் நார் நின்றது.

"அந்தக் கிண்டல் எனக்குத் தெரியும்" என்றாள் பூர்ணிமா. குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. "அன்னிக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. யாருடி சொன்னதுன்னு கேட்டேன். கடையில யாரோ ஒருத்தருன்னு சொன்னா. உங்க பேரச் சொல்லல."

லூர்து தலையைக் குனிந்துகொண்டான். கன்னத்தில் இரண்டு அறை கொடுத்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பான். பூர்ணிமா நோட்டைப் பிரித்தாள். பேனாவைத் தேடி எடுத்தாள். மெரினுக்கு எதிரே இருந்த பெயரை அடித்தாள், தாள் கிழிகிற மாதிரி. பிறகு நேராகச் சாமியார் வீட்டுக் கதவைத் தட்டினாள். லூர்து பின்னாலேயே போனான். போகாமலிருக்க முடியவில்லை.

ஃபாதர் கதவைத் திறந்தார். பூர்ணிமாவைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு திகைப்பு.

"எங்க மெரினுக்கு நீங்கதான் அப்படி மணி அடிக்கச் சொன்னீங்கன்னு ஒரு வருஷமா உங்கள மனசுக்குள்ள திட்டினேன் ஃபாதர். அது நீங்க இல்லியாம். மன்னிச்சுக்குங்க. இருபதாந்தேதி மைதானம் வேணும்."

ஃபாதர் முதலில் மைதானம் தருகிறேன் என்றார். கேட்டிருந்தால் போன வருஷமே கொடுத்திருப்பேன் என்றார். பிறகுதான் லூர்துவின் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பொண்ணு என்னைக் கண்டா ரோட்டத் தாண்டிப் போவும். நான் என்னா தப்புப் பண்ணேன்னு எத்தனையோ நாள் யோசிச்சிருக்கேன் அண்ணே. உங்ககிட்டக்கூட ஒருவாட்டி கேட்டேன், ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. 'அதுங்க அப்படித்தான் ஃபாதர்' என்று அன்றைக்கு லூர்து சொன்ன பதிலும் ஞாபகம் இருந்தது.

வெளியே வந்ததும் பூர்ணிமா அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "மெழுகுவத்தி நீங்க தொட வேணாம். கடைசியில அவ பேரப் படிப்பேன். அப்ப மணி அடிக்கணும். இந்த வாட்டி சரியா."

இருபதாம் தேதி சாயங்காலம் ஆறரை மணிக்கு மைதானத்தில் நாற்பது நாற்காலி. வந்தவர்கள் பத்தொன்பது பேர். லூர்து கயிற்றடியில் தனியாக நின்றான். அங்கிருந்து மைதானம் தெரியாது, மைக் மட்டும் கேட்கும். பூர்ணிமா ஒவ்வொரு பெயராகப் படித்தாள். ஊர், வயது, பெயர். சில பேருக்கு வயது தெரியவில்லை, தெரியவில்லை என்றே படித்தாள். ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவே தீக்குச்சி உரசுகிற சத்தம்கூட மைக்கில் வந்தது. லூர்து உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"ரெட்டியார்பாளையம். இருபத்தாறு வயசு. மெரின்."

இழுத்தான். ஒன்று. இரண்டு. மணி மூன்றாவதுக்குச் சாய்ந்தது. கால் தரையை விட்டு எழும்பக் கயிற்றில் தொங்கினான். தோளில் ஏதோ பிசகியது. மணி முனகிக்கொண்டு நின்றது. மறுபடி இரண்டு. மறுபடி தொங்கினான். மறுபடி இரண்டு. ஆறோடு மணி அடங்கியது.

கொஞ்ச நேரத்தில் தெருவில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பெண் மணி விழுந்தால் பொம்பளைகள் வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள். ஒவ்வொருத்தியாக வந்தார்கள், ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அடுப்பை அணைத்தாயா என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டு. எல்லாருக்கும் முன்னால் செல்வாம்பாள். ஒரு வருஷம் பேசாதவள் கயிற்றடியில் வந்து நின்றாள்.

"யாருப்பா?"

அவளுக்கு யாரென்று தெரியும். தெரிந்துதான் கேட்கிறாள் என்று லூர்துவுக்கும் தெரியும்.

"மெரின்."

"இத்தினி பேரு நிக்கிறாங்க. கேக்கற மாதிரி சொல்லு."

"மெரின், ஆத்தா! போன வருஷம் செத்தா. அன்னிக்கு நான் மணியத் தப்பா அடிச்சிட்டேன். பேரையும் தப்பாச் சொல்லிட்டேன்."

கூட்டத்தில் யாரோ ஒருத்தி "அட பாவி" என்றாள். இன்னொருத்தி, "நம்ம பூக்கட்டற பொண்ணா? அது செத்த அன்னிக்குப் பொம்பள மணியே கேக்கலியேன்னு நெனச்சேன்" என்றாள். டீக்கடைப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. கலியபெருமாள் கண்ணாடித் தம்ளரோடு எழுந்து நின்றிருந்தார், உட்காரலாமா என்று தெரியாதவர் மாதிரி.

செல்வாம்பாள் கூடையிலிருந்து ஒரு முழம் கனகாம்பரத்தை எடுத்தாள். "ரெண்டு எண்ணக் கத்துக்க ஒரு வருஷம் ஆச்சு உனக்கு" என்று சொல்லிவிட்டு மைதானத்துப் பக்கம் நடந்தாள். மற்றவர்களும் பின்னால் போனார்கள். நாற்காலி போதாமல் மண்ணில் உட்கார்ந்தார்கள் என்று பிறகு ஃபாத்திமா சொன்னாள். லூர்து போகவில்லை. அவனை யாரும் கூப்பிடவில்லை.

எட்டு மணிக்கு எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். பூர்ணிமா மெழுகு வழிந்த பாட்டில்களைச் சாக்கில் அள்ளிக்கொண்டு கயிற்றடி வழியாக வந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. லூர்து நிமிர்ந்தான். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது என்று நின்றான்.

"நாற்காலி காலையில ஏழு மணிக்கெல்லாம் திருப்பிக் குடுக்கணும். வந்துடுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். முன்பெல்லாம் அவள் இவனிடம் பேசினால் வாக்கியத்துக்கு ஒரு 'அண்ணே' வரும். லூர்து அந்த இரண்டு வாக்கியத்தையும் மனசுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். அதில் இல்லை.

"வந்துடறேம்மா" என்று அவள் போன பக்கம் பார்த்துச் சொன்னான். பிறகு கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டினான்.